வேகக் காரும் வீட்டுக் காரும்

மலிவான பொருள் என்று எதனைச் சொல்வது? வாங்கும் நாளில் குறைந்த விலைக்குக் கிடைத்ததையா? வாங்கிய பின்னர் குறைந்த செலவோடு நெடுநாள் உழைத்ததையா? மாடு வாங்கினாலும் வள்ளம் வாங்கினாலும் நம் முன்னோர் இவ்விரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்டனர். மோட்டார்க் கார் வாங்கும்போது மட்டும் நம்மவருட் பலர் முதற் கேள்வியோடு நின்றுவிடுகின்றனர். யானையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பணமின்றி நிற்கும் கதை அங்கேதான் தொடங்குகிறது.

வேகத்துக்கென்றே செய்யப்பட்டு இன்று பழையதாகிவிட்ட சிறிய கார் ஒன்றை ஒரு நடுத்தரக் குடும்பம் அன்றாடப் பாவனைக்கு வைத்துக்கொள்ளலாமா என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள். "சவாரி மாட்டைக் கொண்டுபோய்ப் பாரவண்டியிற் பூட்டுவதா?" என்று நகைப்போரும் இருப்பர். ஆயினும், பூட்டலாம் என்பதே நம் கருத்து. எவ்வாறு பூட்டுவது, யார் பூட்டுவது என்பதில்தான் இலாபமும் நட்டமும் அடங்கியுள்ளன.

பின்புறத்தில் தனியான டிக்கியின்றி, கூரையோடு பொருந்திய கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய காரை ஹட்ச்பக் என்பர். அச்சிறிய உடலினுள்ளே வலிமை மிக்க இயந்திரத்தை வைத்து, பிரேக், வில், சில்லு ஆகியவற்றையும் அவ்வலிமைக்கேற்பத் திருத்தி அமைத்தால் அது 'ஹொட் ஹட்ச்' எனப் பெயர் பெறும். இளைஞர்கள் இதன் படத்தைச் சுவரில் ஒட்டிவைப்பர். பெற்றோர் இதன் பெயரைக் கேட்டாலே முகஞ்சுளிப்பர். இருதிறத்தாரும் இக்காரின் ஒரு பக்கத்தை மட்டுமே காண்கின்றனர்.

மண்கும்பான் போன்ற ஊரில் வாழ்வோருக்குக் கார் ஆடம்பரம் அன்று. பண்ணைப் பாலத்தையும் அதனைத் தொடரும் கடல்வழி வீதியையும் கடந்து, மண்டைதீவுச் சந்தியும் அல்லைப்பிட்டியும் தாண்டி வந்தாற்றான் நம் ஊர். பகலில் பஸ் உண்டு. நள்ளிரவில் பிள்ளைக்கு மூச்சு முட்டினால், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வது யார்? அந்த ஓர் இரவுக்காகவேனும் முற்றத்தில் ஒரு வாகனம் நிற்க வேண்டும். திறப்பைத் திருப்பியவுடன் அது புறப்படவும் வேண்டும். காரை வாங்குவது எளிது. அதனை எந்நேரமும் புறப்படும் நிலையில் வைத்திருப்பதே பெரிது.

நமக்குப் புதியதன்று

பழைய காரை அன்றாடக் காராகப் பேணும் கலை யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டிய ஒன்றன்று. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்னும் கார்கள், அவை பிறந்த நாட்டில் அருங்காட்சிப் பொருள்களான பின்னரும், நம் வீதிகளில் வாடகைக்கு ஓடிப் பல குடும்பங்களுக்குச் சோறிட்டன. 1990 ஆம் ஆண்டில் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடைக்காதொழிந்தபோது, நம் மெக்கானிக்குகள் காபரேட்டரில் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடச் செய்தனர். கரும்புகையும் காரமான மணமும் அக்காலத்தின் அடையாளங்களாயின.

இது நிகழக் காரணம் யாது? அக்காலத்து இயந்திரங்கள் எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையை ஏறத்தாழ ஏழு மடங்கு அளவுக்கே அமுக்கின. மென்மையாக அமுக்கும் இயந்திரம் தரங்குறைந்த எரிபொருளையும் பொறுத்துக்கொள்ளும். இன்று நாம் பேசும் வேகக் கார்களில் டர்போ இல்லாதவை அதனைப் பத்து, பதினொரு மடங்கு அளவுக்கு அமுக்குவன. டர்போ உள்ளவையோ காற்றை முன்னரே நெருக்கித் திணிப்பவை. இவற்றுக்கு மண்ணெண்ணெய் நஞ்சு; தரங்குறைந்த பெற்றோலும் ஒவ்வாது. இந்த ஒரு வேற்றுமையை நினைவிற் கொள்க.

ஆயினும் அந்த ஏ40 அரை நூற்றாண்டு வாழ்ந்ததற்கு இயந்திரத்தின் எளிமை மட்டுமே காரணம் அன்று. அதனை ஓட்டியவர் அதன் முழுப் பலத்தையும் ஒருபோதும் கேட்டதில்லை. சிறிய சத்தம் கேட்டாலும் அன்று மாலையே கராச்சுக்குக் கொண்டுசென்றனர். காரும் சாரதியும் மெக்கானிக்கும் ஒரே குடும்பத்தவர் போல் பழகினர். மேல்நாட்டிலும் இவ்வாறு எண்ணியவர் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் கார்களைப் புதுப்பித்து வந்த சாள்ஸ் வெயர் என்பவர், புதிய கார் வாங்கி அதன் மதிப்புக் கரைவதைப் பார்த்திருப்பதிலும், நல்ல பழைய காரைத் தொடர்ந்து பேணுவதே சிக்கனம் என்பதை விளக்கி 1982 ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். 1990 களில் மைனருக்குரிய தகட்டுப் பாகங்கள் நம் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின என்பது பலர் அறியாத செய்தி.

ஒரே குலத்துப் பிள்ளைகள்

அந்த மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மைனர் வெளிவந்தது 1948 இல். 1956 ஆம் ஆண்டில் சுயெஸ் கால்வாய் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டுக்கு வந்தபோது, குறைந்த பெற்றோலில் ஓடும் மிகச் சிறிய கார் ஒன்றை ஆக்கும் பணி அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. 1959 இல் மினி பிறந்தது. பத்தடி நீளம், குறுக்காக வைக்கப்பட்ட 848 கன சென்ரிமீற்றர் இயந்திரம், 34 குதிரைச் சக்தி. ஏழைக்கென ஆக்கப்பட்ட அந்தச் சிக்கனக் காரினுள் ஒரு வீரன் ஒளிந்திருப்பதை ஜோன் கூப்பர் என்னும் பந்தயக் கார் நிபுணர் கண்டார். 1961 இல் மினி கூப்பர் 55 குதிரைச் சக்தியோடு வந்தது. மினி கூப்பர் எஸ் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரி கார்லோ ஓட்டத்தில் தன்னிலும் பெரிய கார்களை வென்றது.

இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கூப்பர் அக்காருக்குப் பலத்தைக் கூட்டியபோது, அதனோடு முன்சில்லுகளுக்குத் தட்டுப் பிரேக்குகளையும் கொடுத்தார். ஓடவல்லது நிற்கவும் வல்லதாக வேண்டும் என்பதே இக்குலத்தின் முதல் நீதி.

மினிக்குப் பின்கதவு இல்லை. சிறிய டிக்கியே உண்டு. பின்புறம் மேலும் கீழுமாகத் திறக்கும் அமைப்பு, 1959 இல் வந்த ஒஸ்ரின் ஏ40 கன்றிமன் காரில் இருந்தது. வேகமும் பின்கதவும் ஒன்றாகக் கூடி உலகப்புகழ் பெற்றது வொக்ஸ்வாகன் கோல்ப் ஜிரிஐ என்னும் காரில். 1975 இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு, 1976 இல் விற்பனைக்கு வந்த அக்காரின் சக்தி 110 குதிரை. ஐயாயிரம் கார்கள் விற்றாற் போதும் என எண்ணித் தொடங்கினர். அம்முதல் வடிவத்தில் மட்டும் நான்கு இலட்சத்து அறுபதினாயிரத்துக்கு மேல் விற்பனையாயின.

ஜப்பானியர் இக்கலையை விரைவிற் கற்றனர். 1986 இல் 1.3 லீற்றர் சுசுக்கி சுவிப்ட் ஜிரிஐ வந்தது. 1987 இல் டைஹற்சு சரேட் ஜிரிரிஐ, ஒரு லீற்றரிலும் சற்றுக் குறைந்த மூன்று சிலிண்டர் இயந்திரத்திலேயே ஏறத்தாழ நூறு குதிரைச் சக்தியை எழுப்பியது. 1996 இல் ரொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா, டர்போவின் துணையால் 135 குதிரைச் சக்தியை எட்டியது. 2005 இல் வந்த சுவிப்ட் ஸ்போர்ட், டர்போ இல்லாமலே 1.6 லீற்றரில் 125 குதிரைச் சக்தி கொண்டது. ஜப்பானிலும் வீதியின் இடப்புறமே வாகனம் செல்வதால், இவை மாற்றமின்றி நம் வீதிகளுக்குப் பொருந்துவன. ஆக, நம் பாட்டனார் ஏறிய மொறிஸ் மைனரும் இன்றைய பேரன் ஆசைப்படும் வேகக் காரும் ஒரே குலத்துப் பிள்ளைகளேயாம்.

கணக்கைப் பார்ப்போம்

"வேகக் கார் பெற்றோலைக் குடிக்குமே!" என்பதே முதல் ஆட்சேபம். நாமும் சில ஆண்டுகளாகச் சுவிப்ட் ஸ்போர்ட் ஒன்றிலேயே பட்டினத்துக் கல்லூரிக்குப் போய் வருகிறோம். போகவர ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். வாரத்தில் ஐந்து நாளுக்கு நூறு. லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் கார் இதற்கு எட்டேகால் லீற்றர் அளவு கொள்ளும். லீற்றருக்கு இருபது ஓடும் சிக்கனக் காருக்கு ஐந்து லீற்றர் போதும். வேற்றுமை வாரத்துக்கு மூன்றேகால் லீற்றர். 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் அனுமதி முறை வந்தபோது காருக்கு வாரம் இருபது லீற்றர் என்றே தொடக்கத்தில் விதித்தனர். நம்மைப் போன்ற குறுந்தூரப் பயணிக்கு அப்பங்கிலும் இக்கார் அடங்கும். நாள்தோறும் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ செல்பவருக்கு இக்கணக்குப் பொருந்தாது. அவர் சிக்கனக் காரையே நாடுக.

எதிர்ப்பக்கத்தில் லீசிங் தவணையை வைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீளத் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் பாவித்த கார்கள் யாவும் ஆனைவிலை குதிரைவிலையாயின. இறக்குமதி திறந்தபின்னரும் வரிச்சுமை பெரிது. புதிய காரைத் தவணைக்கு எடுக்கும் ஆசிரியரோ எழுதுவினைஞரோ, மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை ஆண்டுக்கணக்கில் வட்டியோடு கட்ட நேரிடுகிறது. மூன்றேகால் லீற்றர் பெற்றோலை மிச்சம் பிடிப்பதற்காக இச்சுமையைத் தலையில் ஏற்றுவது அறிவுடைமை ஆகுமா?

அதற்காக, பழைய காருக்கு மாதச் செலவே இல்லை என்று எண்ணிவிடலாகாது. தவணை கட்டியிருந்தால் எவ்வளவு போயிருக்குமோ, அதில் மூன்றில் ஒரு பங்கையாவது மாதந்தோறும் ஒதுக்கி, கார்ச் செலவுக்கெனத் தனியே வைத்தல் வேண்டும். டயரும் பற்றரியும் கிளச்சும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அப்பணம் கையில் இருப்பவனுக்குப் பழைய கார் நண்பன். இல்லாதவனுக்கு அதுவே கடன்காரன்.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். சில வேகக் கார்களுக்கு இளைஞர்களின் ஆசையே தனிவிலை வைத்திருக்கிறது. அதே வகையின் சாதாரண காரிலும் மிகக்கூடிய விலை கேட்டால், சிக்கனம் தேடுவோர் கைகூப்பி விலகிவிடுதல் நன்று. ஆசைக்கு விலை கொடுத்தபின் அதனைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

உப்புக் காற்று

தீவகத்தில் காருக்குப் பெரும்பகைவன் வயதன்று, தூரமன்று, உப்பு. சோளகம் வீசும் மாதங்களிலும் வாடை வீசும் மாதங்களிலும், இருமருங்கும் கடல் சூழ்ந்த வீதியில் நாள்தோறும் செல்லும் கார் நுண்ணிய உப்புத்தூளைச் சுமந்தே வீடு வருகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். உப்புநீர் மின்னை எளிதிற் கடத்துமாதலின், இரும்பைத் துருவாக்கும் மாற்றம் விரைந்து நடக்கும். மின்கம்பிகள் உடலோடு பொருந்தும் இடங்களிற் களிம்பு படியும், விளக்கு மங்கும், காரணம் தெரியாமல் இயந்திரம் தடுமாறும்.

இதற்கு மருந்து நன்னீர். மணற்பாங்கான மண்கும்பானிலும் சாட்டியிலும் நிலத்தடியில் நன்னீர் உண்டு. ஆயினும், குடிநீருக்குப் பவுசர் வண்டியை எதிர்பார்க்கும் அயற்கிராமங்கள் இருக்க, குழாயைத் திறந்துவிட்டுக் காரைக் குளிப்பாட்டுவது நமக்கு அழகன்று. வாரம் ஒருமுறை இரண்டு வாளி நீரும் ஒரு துணியும் போதும். மேலே மினுக்குவதை விட்டு, சில்லு வளைவுகளின் உட்புறத்தையும் அடித்தளத்தையும் முதலிற் கழுவுக. ஈரம் உலருமுன் படங்கு போட்டு மூடாதீர்கள். அது துருவுக்குப் பந்தல் போட்டுக் கொடுப்பதாகும். காற்றோட்டமுள்ள கொட்டிலே சிறந்தது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவதாக, முன்னைய உரிமையாளர் யார் என விசாரிக்க வேண்டும். வில்லை வெட்டித் தாழ்த்தியது, புகைக்குழாயை மாற்றி முழங்க வைத்தது, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டியது, இவை எவையேனும் தெரிந்தால் அக்காரை விட்டு விலகுக. சாலையில் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதிலும், எவ்வாறு ஓட்டப்பட்டது என்பதே முக்கியம். ஒரு முதியவரின் கையில் இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய கார், பந்தயப் பித்தரின் கையில் அதில் அரைவாசி ஓடியதைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும்.

இரண்டாவதாக, காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது சென்று பார்க்க. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகக் கூறித் திரும்புக. நீலப்புகை எரியும் ஒயிலைக் காட்டும். வெண்புகை நிற்காது வந்தால் குளிர்நீர் உள்ளே புகுகிறதோ என ஐயுறுக. இரண்டாம் கியருக்கு விரைந்து மாற்றும்போது கரகரவென்று சத்தமிட்டால், அந்தப் பெட்டி பல பந்தயம் கண்டது எனத் தெளிக.

மூன்றாவதாக, அடித்தளத்தைக் காண்க. சில்லு வளைவு, கதவின் கீழ்ப்படி, உதிரிச்சில்லு கிடக்கும் குழி, அதிர்வுதாங்கியின் தலை பொருந்தும் இடம் ஆகிய நான்கிலும் துரு ஏறியிருந்தால், இயந்திரம் பொன்னாய் இருந்தாலும் வேண்டாம். இயந்திரத்தை மாற்றலாம், எலும்பை மாற்ற முடியாது. சாசி இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட மறவாதீர்.

வாங்கியபின், ஸ்டார்லெட் போன்ற கார்களில் இயந்திரத்தின் உள்ளே நேரங்காக்கும் பட்டியை உடனே மாற்றுக. பழைய பட்டி எப்போது மாற்றப்பட்டது என்ற வாய்ச்சொல்லை நம்பற்க. 2005 க்குப் பிந்திய சுவிப்ட் ஸ்போர்ட்டில் பட்டிக்குப் பதிலாகச் சங்கிலி உண்டு. அதற்கு உயிர் தூய ஒயிலே. டர்போ உள்ள காரை விரைந்து ஓட்டி வந்து சட்டென நிறுத்தாமல், ஒரு நிமிடம் அமைதியாக ஓடவிட்டு நிறுத்துக. அதற்கு 95 ஒக்டேன் பெற்றோலே ஏற்றது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் இயல்பினது; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது நம் உப்புக் காற்றில் கட்டாயம் எனலாம்.

உதிரிப்பாகங்களைப் பொறுத்தவரை, கதவு, கண்ணாடி போன்ற பல சாதாரண சுவிப்ட்டுக்கும் ஸ்போர்ட்டுக்கும் பொதுவானவை. ஸ்போர்ட்டுக்கே உரிய அதிர்வுதாங்கி முதலியவற்றைத் தேடித்தான் பெற வேண்டும். வாங்குமுன்னரே ஊர் மெக்கானிக்கிடம், "இதனைப் பார்க்க உம்மால் இயலுமா?" என்று கேட்டுக்கொள்வது உத்தமம். வில் சற்றுக் கடினமாதலின் முதியோருக்கு முன் ஆசனமே உகந்தது. பின் ஆசனத்தை மடித்தாலோ, ஒரு சாக்குத் தேங்காயும் கோயில் மடைக்கு இரண்டு வாழைக்குலையும் தாராளமாகக் கொள்ளும்.

திறப்பு யார் கையில்?

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகிறோம். பண்ணையிலிருந்து வரும் வீதி நேரானது. அகன்ற வானமும் அலையற்ற கடலும் கால்விரலைத் தூண்டுவன. அதே வீதியில் விடியற்காலையில் வலை சுமந்த சைக்கிளும், பாடசாலைப் பிள்ளையும், படுத்துக்கிடக்கும் மாடும் உண்டு. நூற்றிருபத்தைந்து குதிரைகளும் பத்தொன்பது வயதும் ஒரே ஆசனத்தில் அமர்ந்தால், இதுவரை போட்ட சிக்கனக் கணக்கு அனைத்தும் ஒரு நொடியில் அழியும். மகனுடைய ஆசைக்காக இக்காரை வாங்க எண்ணும் பெற்றோர் இவ்விடத்தில் ஒருமுறை நின்று யோசிப்பாராக.

வேகத்துக்கெனச் செய்த கார், அவ்வேகத்தைச் செலவழிக்காதவன் கையிலேதான் மலிவாகிறது. வேகத்தைச் செலவழிப்பவன் அதனோடு டயரையும் கிளச்சையும் பெற்றோலையும், தெய்வம் துணையில்லாவிடின் உயிரையும், செலவழிக்கிறான். செலவழிக்காதவனுக்கு எஞ்சுபவை எவை? திடீரென மாடு குறுக்கிட்டால் சொன்ன இடத்தில் நிற்கும் பிரேக். மழைநீர் வழியும் வளைவில் வழுக்காத பிடிப்பு. லொறியை முந்த நேர்ந்தால் தயங்காது விரைந்து ஒதுங்கும் வலு. பெரும்பாரத்துக்கெனச் செய்யப்பட்டுச் சிறுபாரத்தைச் சுமப்பதால் நெடுநாள் தேயாத உறுப்புகள். வேகத்துக்காகப் பொறியியலறிஞர் தேடிவைத்த இச்செல்வம் யாவும் பாதுகாப்பாக உருமாறி, நடுத்தரக் குடும்பத்தின் முற்றத்துக்கு வந்து சேர்கிறது.

சவாரி மாட்டின் மதிப்பு அதன் ஓட்டத்தில் மட்டும் இல்லை. அதன் கால் உறுதியிலும், கயிற்றைப் பிடித்தவன் சொல் கேட்டு நிற்பதிலும் உண்டு. அம்மாட்டைப் பாரவண்டியிற் பூட்டுவது இழிவன்று. அன்பாகப் பேணி, அளவாகச் செலுத்தும் வீட்டில் அது நெடுநாள் உழைக்கும். அத்தகைய வீடுகள் நம் தீவகத்தில் பெருகுக.